சவர்டோ ரொட்டி: அடி கருகலும் மேல் வெளுப்பும் சரியான விதம்

சவர்டோ என்பது இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் சுடும் ரொட்டி. அது தட்டையாக, மேலே வெளுத்து, அடி மட்டும் கருகி வந்தால் மாவைக் குறை சொல்லும் முன் பாத்திரத்தைப் பாருங்கள். எனக்குக் கைகொடுத்தது மூடியுள்ள கனமான வார்ப்பிரும்புப் பானை. 500 கிராம் மாவுக்கு 4 முதல் 5 லிட்டர் பானை போதும். மிகப் பெரிதானால் பிசைந்த மாவு பக்கவாட்டில் படர்ந்துவிடும். ரொட்டியிலிருந்து கிளம்பும் நீராவி மூடிக்குள்ளேயே தங்கி, மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். ரொட்டி எழும்புவது மூடிச் சுடும் முதல் 20 நிமிடத்தில்தான்.

வெறும் பானையை ஓவனில் 240 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் காயவிடுங்கள். பிசைந்த மாவை அதில் இறக்கி, மூடிவைத்து 20 நிமிடம் சுடுங்கள். திறந்து 220 டிகிரியில் இன்னும் 20 முதல் 25 நிமிடம். நடுவில் குத்தும் வெப்பமானி 96 டிகிரியைத் தாண்டினால் வெந்துவிட்டது. மூடியின் பிடி பிளாஸ்டிக் என்றால் முதலில் உலோகப் பிடியாக மாற்றுங்கள். இந்தச் சூட்டை அது தாங்காமல் போகலாம்.

அடி கருகியதற்குக் காரணம் ஓவனின் கீழ்ச்சூட்டுக் கம்பியின் நேரடி வெப்பம். பானைக்குக் கீழ்த்தட்டில் ஒரு வெற்று ட்ரே வைத்ததும் நின்றது. ஓவனுக்குள் தனியாக ஒரு வெப்பமானியும் வையுங்கள், குமிழ் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

தராசு கட்டாயம், 1 கிராம் துல்லியத்தில். 500 கிராம் மாவுக்கு 350 கிராம் தண்ணீர் 380 ஆனாலே மாவு தளர்ந்துவிடும். கப் அளவில் அது தெரியவே தெரியாது.

சுடும் முன் மாவை உப்பவைக்கப் பிரம்புக் கூடை அவசியமில்லை. கிண்ணத்தில் பருத்தித் துணி விரித்து அரிசி மாவு தூவினால் போதும். கோதுமை மாவு தூவினால் ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும்.