மல்லிப்பட்டினம் கடலுக்கு ஒரு வரைபடம்: கியூஜிஐஎஸ் முதல் பாடம்

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்குக் கடற்புல்தான் சாப்பாடு. இறால் குஞ்சுகள் வளர்வதும் அந்தப் புல்லுக்குள்தான். புல் எங்கே இருக்கிறது, வலை எங்கே போகிறது என்று ஒரே தாளில் தெரிந்தால்தான் ஊரும் துறையும் உட்கார்ந்து பேச முடியும். அந்தத் தாளை நீங்களே தயாரிக்கலாம்.

படி 1. கியூஜிஐஎஸ் என்பது கணினியில் வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள், இறக்கி நிறுவுங்கள். இடப்பக்கப் பட்டியில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்பதன் கீழுள்ள ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை இருமுறை சொடுக்கினால் அடிப்படை வரைபடம் வந்துவிடும். தஞ்சாவூர் மாவட்டக் கரையிலுள்ள மல்லிப்பட்டினத்துக்கு நகர்த்துங்கள்.

படி 2. கரையோரத்தைக் கோடாக வரைய ஒரு புதிய லேயர் (வரைபடத்தின் மேல் விரிக்கும் அடுக்கு) தொடங்குங்கள். அப்போது கேட்கும் ஆய முறைமையில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) இபிஎஸ்ஜி 32644-ஐத் தேர்ந்தெடுங்கள். இது முக்கியம். இந்த முறைமையில் தூரம் மீட்டரில் இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை முறைமையில் விட்டால் பாகையில் போய்விடும். (கன்னியாகுமரி மாவட்டக்காரர்கள் 32643-ஐப் பயன்படுத்துங்கள்.)

படி 3. கரையிலிருந்து எத்தனை கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்பதற்கு மாநில விதி இருக்கிறது. அது திருத்தப்படுவதும் உண்டு என்பதால், நடப்பு எண்ணை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பயிற்சிக்காக 3 கடல் மைல், அதாவது 5,556 மீட்டர். வெக்டர் மெனுவில் ஜியோபிராசஸிங் டூல்ஸுக்குள் பஃபர் இருக்கும்; கோட்டைச் சுற்றி நாம் சொல்லும் தூரத்துக்குப் பட்டை போடும் கருவி அது. 5556 என்று கொடுத்து ஓட்டுங்கள். நிலத்தின் பக்கமும் பட்டை விழும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 4. ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிகஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இறக்கி, கியூஜிஐஎஸ்ஸில் சேருங்கள். ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும்; மார்ச், ஏப்ரலில் மேகமில்லாத நாளாகப் பாருங்கள். ஆழம் குறைந்த இடத்தில் கருந்திட்டாகத் தெரிவது கடற்புல்லாக இருக்கலாம், பாசியாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

படி 5. எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை இதுதான். வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கரைக்கு எடுத்துப் போங்கள். மூத்த மீனவர்களிடம் கொடுத்து, புல் இருக்கும் இடத்தையும், அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரையும் அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். நண்டு வலை விடும் பெண்களோ, கரையோரம் சேகரிப்பவர்களோ இருந்தால் அவர்களையும் கேளுங்கள். படகில் போகிறவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

பல படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கும். அதிலிருந்து எண்களை எடுக்கும்போது கவனம். திரையில் 10° 12.600' என்றிருந்தால் அது 10 பாகை, 12.6 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). 12.6-ஐ 60-ஆல் வகுத்தால் 0.21; ஆக அட்டவணையில் எழுத வேண்டியது 10.21. அப்படியே 10.126 என்று எழுதினால் புள்ளி ஒன்பது கி.மீ.க்கு மேல் தெற்கே போய் விழும். தீர்க்கரேகைக்கும் இதே கணக்குத்தான்.

படி 6. எண்களைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) சேமித்து, லேயர் மெனுவில் டீலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாகச் சேருங்கள். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் அட்சரேகை. இந்த எண்கள் பாகையில் இருப்பதால், இந்த லேயருக்கு மட்டும் ஆய முறைமை இபிஎஸ்ஜி 4326. சரி, இப்போது பட்டை, கருந்திட்டு, புள்ளிகள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். திட்டும் புள்ளியும் ஒத்துப்போகாத இடங்களுக்குப் படகில் போய்ப் பாருங்கள். கைப்பேசியில் கியூஜிஐஎஸ் வரைபடத்தைத் திறக்கும் க்யூஃபீல்ட் செயலி இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

அப்புறம், மீன்பிடி இடங்களைத் துல்லியமான புள்ளிகளாக இணையத்தில் போடாதீர்கள். அது அவர்கள் தலைமுறையாகச் சேர்த்த அறிவு. வெளியூர் விசைப்படகுக்கு வழிகாட்டியாகிவிடும். பொதுவில் போடும் படத்தில் பெரிய வட்டமாகக் காட்டினால் போதும். முழு விவரமுள்ள படத்தை முதலில் ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுங்கள். எதை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது என்பதை அவர்களே சொல்லட்டும்.