துணிக்கைகளைச் சேர்த்து ஒரு குழந்தைப் போர்வை: முதன்முறை தைப்பவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கீழ்த்தட்டில் ஒரு பை இருக்கும். அப்பாவின் பழைய கைலி, அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போன நீளக்கைச் சட்டை, பிள்ளையின் பள்ளிச் சீருடை, கல்யாணத்துக்கு எடுத்த ரவிக்கைத் துணியில் மிச்சம். உடுத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. அந்தப் பையிலிருந்துதான் இந்தப் போர்வையைத் தைக்கப் போகிறோம்.

ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்த பிறகு இயேசு சீடர்களிடம், ஒன்றும் சேதமாய்ப் போகாதபடி மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள் என்கிறார் (யோவான் 6:12). அவர் சொன்னது அப்பத் துண்டுகளை. ஆனால் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள அந்தத் 'துணிக்கை' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பைதான் நினைவுக்கு வருகிறது. வயிறு நிறைந்த பிறகும் மிச்சத்தைக் குனிந்து பொறுக்கச் சொன்னவர் அவர்.

ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு: துண்டுகளை மூட்டித் தைத்த மேல்துணி, நடுவில் மெத்தென்ற ஒன்று, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது தையல். நாம் தைக்கப்போவது 36 அங்குலச் சதுரம். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும் குழந்தையைச் சுற்ற இது போதும்.

தேவையானவை

கூரான கத்தரிக்கோல், இஞ்சு டேப், ஒரு அடி அளவுகோல், சாக்குக்கட்டி, குண்டூசி, நாற்பது ஐம்பது ஊக்கு, பருத்தி நூல், இஸ்திரிப் பெட்டி. தையல் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எல்லாமே கையால் முடியும், இன்னும் சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

முதல் படி: துணியைத் தேர்ந்தெடுப்பது

பருத்தித் துணி மட்டும் எடுங்கள். பாலியெஸ்டர் வழுக்கும், இஸ்திரிச் சூட்டில் சுருங்கும். எது பருத்தி என்று தெரியாவிட்டால் கையில் கசக்கிப் பாருங்கள். மடிப்பு அப்படியே நின்றால் பெரும்பாலும் பருத்திதான்.

அடர்ந்த நிறம், வெளிர் நிறம் என்று இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பார்க்கும்போது சந்தேகம் வந்தால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். பூவும் கோடும் மங்கி, அடர்த்தி மட்டும் தெரியும்.

தோட்டத்துச் சட்டையை எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். அம்மாவின் சட்டையை நான் விரித்தபோது முன்பக்கம் முழுக்கப் பால் கறை, காய்ந்து கறுத்துப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினால் ரப்பராகவே உரிந்தது. "அது எந்தச் சோப்புக்கும் போகாதும்மா, அந்த இடத்தை விட்டுட்டு வெட்டு" என்றார் அம்மா. சரியான யோசனைதான். கறை மேல் ஊசி இறங்காது, இறங்கினாலும் ஒட்டிக்கொண்டு நூல் அறுந்துபோகும். முதுகுப் பக்கத்தில் கறை குறைவு, அங்கே நான்கு நல்ல துண்டு கிடைத்தது. ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்த துண்டை மட்டும் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டேன். அந்தப் பாலில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

சபையார் சேர்ந்து தைப்பதாக இருந்தால் வீட்டுக்கு ஒரு துணி கேளுங்கள். எங்கள் சபையில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு தோட்டத்தில் பிறந்தவர்கள். 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தைத் 'துண்டாடல்' என்ற ஒரே சொல்லால் இன்றும் சொல்வார்கள். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியேறியவர்கள் எத்தனையோ பேர். அப்போது எங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். துண்டானதைச் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். போர்வை தைப்பது நமக்கு அந்நியமான வேலை இல்லை.

இரண்டாம் படி: அலசுவது

இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். என் முதல் போர்வை இந்த ஒரு படியில்தான் கெட்டது.

தங்கை குழந்தைக்காகத் தைத்தேன். பழைய துணியோடு, நிறம் போதவில்லை என்று ஈப்போவில் வாங்கிய புதுத் துணியையும் சேர்த்தேன். கடையிலிருந்து வந்த கையோடு வெட்டினேன். தைத்து முடித்தபோது அழகாகத்தான் இருந்தது. முதல் தடவை துவைத்துக் கொடியில் போட்டதும் பார்த்தால், புதுத் துண்டுகள் ஒவ்வொன்றும் சுருங்கி, பக்கத்திலிருந்த பழைய துணியை இழுத்துப் பிடித்திருந்தன. இரண்டு இடத்தில் அப்பாவின் கைலித் துண்டு மூட்டோரமாகக் கிழிந்தே போயிருந்தது. கொடியடியில் நின்று அழுதேன்.

அன்றைக்குத்தான் மத்தேயு 9:16 எனக்கு உண்மையில் புரிந்தது. கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு ஒருவரும் இணைக்கமாட்டார்கள், இணைத்தால் கிழிசல் அதிகமாகும் என்கிறார் ஆண்டவர். கோடி என்றால் இன்னும் தண்ணீர் காணாத துணி. தறியில் நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். முதல் நனைப்பில் அந்த இழுப்பு தளர்ந்து துணி சுருங்குகிறது. பழைய துணி எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. ஒன்று இனிமேல் சுருங்கும், மற்றது சுருங்காது, நடுவில் மூட்டுதான் கிழியும். தச்சர் வீட்டில் வளர்ந்தவர் துணியையும் எவ்வளவு கவனித்திருக்கிறார்! பழைய சட்டை மாதிரியான நம் வாழ்க்கையில் தம்மை ஒரு ஒட்டாகப் போட அவர் வரவில்லை, புதிதாக்கவே வந்தார் என்பதை நான் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். கையில் கிழிந்த துணியோடு கேட்டது அன்றைக்குத்தான்.

ஆகவே: புதுத் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். சாயம் போகுமோ என்று சந்தேகமிருந்தால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அந்தத் துணி வேண்டாம்.

மூன்றாம் படி: வெட்டுவது

மைலோ பெட்டி அட்டையில் 4½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் அச்சு. அதைத் துணியின் பின்பக்கம் வைத்து, இழை நேராக வரும்படி சாக்கால் கோடு போட்டு வெட்ட வேண்டும். அட்டையின் ஓரம் தேய்ந்தால் புது அச்சு வெட்டுங்கள். வெட்டிய துண்டை வைத்து அடுத்ததை அளக்கக்கூடாது, சிறுகச் சிறுக அளவு கூடிக்கொண்டே போகும்.

அடர்ந்த நிறத்தில் 25, வெளிர் நிறத்தில் 20. இவை தவிர 12½ அங்குலத்தில் நான்கு பெரிய சதுரம், எல்லாம் ஒரே துணியில்.

நான்காம் படி: மூட்டுவது

மூன்று மூன்றாக ஒன்பது துண்டு சேர்ந்தது ஒரு கட்டம். நான்கு மூலையிலும் நடுவிலும் அடர்ந்த நிறம், மற்ற நான்கில் வெளிர். இப்படி ஐந்து கட்டம்.

இரண்டு துண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். இந்தக் கால் அங்குலம்தான் முழு வேலையும். தையல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் அவ்வளவு குறையும். மூன்று துண்டு வரிசையில் இரண்டு மூட்டு, ஆக மொத்தம் கால் அங்குலம் போய்விடும். பிறகு பெரிய சதுரத்தோடு சேர்க்கும்போது இழுத்துப் பார்த்தாலும் எட்டாது. மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும்.

ஒவ்வொரு மூட்டையும் தைத்தவுடன், பின்பக்கத்து விளிம்பை அடர்ந்த நிறத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். தேய்க்க வேண்டாம், வைத்து அமுக்கி எடுங்கள். மூன்று வரிசையும் இப்படிச் சாய்த்திருந்தால், ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது இரண்டு மூட்டும் எதிரெதிராகச் சாய்ந்து விரலுக்கடியில் 'டக்' என்று பொருந்தி நிற்கும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேரும்.

சேரவில்லையா? பிரித்து மறுபடி தையுங்கள். பிரிப்பதற்கு வெட்கமே வேண்டாம். நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டி, மறுபக்கத்து நூலை இழுத்தால் சுலபமாக வந்துவிடும். பிரிக்கும் நேரத்தை நான் ஜெப நேரமாகவே வைத்திருக்கிறேன். என்னை ஆண்டவர் எத்தனை முறை பிரித்துத் தைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்தால் அவசரம் போய்விடுகிறது.

ஐந்தாம் படி: கட்டங்களைச் சேர்ப்பது

தரையில் பாய் விரித்து அடுக்கிப் பாருங்கள். முதல் வரிசை: கட்டம், பெரிய சதுரம், கட்டம். இரண்டாவது: சதுரம், கட்டம், சதுரம். மூன்றாவது முதல் வரிசை போல. விளிம்புகளைப் பெரிய சதுரத்தின் பக்கம் சாயுங்கள்.

இந்த இடத்துக்கு வரும்போது யாத்திராகமம் 26ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பத்து மூடுதிரை. ஐந்து ஐந்தாக இணைத்து, ஓரத்தில் ஐம்பது காதுகள் (வளையங்கள்) வைத்து, ஐம்பது பொன் கொக்கிகளால் பூட்டினார்கள். தேவனுடைய வாசஸ்தலமே அளந்து மூட்டிய துணிதான். அந்த அதிகாரத்தின் முழ அளவுகளை முன்பெல்லாம் புரட்டிவிட்டுப் போவேன். இப்போது ஒரு தையற்காரியாக ஒவ்வொரு எண்ணையும் நின்று படிக்கிறேன்.

ஆறாம் படி: மூன்று அடுக்கு

அடித்துணியும் நடுத்துணியும் 40 அங்குலச் சதுரம். நம் வெயிலுக்குக் கனமான பஞ்சு விரிப்பு வேண்டாம், நைந்த பருத்திக் கைலியோ மெல்லிய பிளானலோ போதும். இலவம்பஞ்சை உதிரியாகப் போடாதீர்கள், துவைத்தால் ஒரு மூலையில் திரண்டுவிடும்.

அடித்துணியைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, மேலே நடுத்துணி, அதன் மேல் நல்ல பக்கம் தெரிய மேல்துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிச் சுருக்கம் எடுத்து, ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள்.

ஏழாம் படி: கையால் தைப்பது

இனிமேல் அவசரமில்லை. நடுவிலிருந்து தொடங்குங்கள். மூட்டுக்குக் கால் அங்குலம் தள்ளி நேர்க்கோட்டில் ஓட்டுத்தையல். அதே கோட்டைப் பெரிய சதுரத்தின் மேலும் சாக்கால் நீட்டிக்கொண்டு போங்கள். அங்குலத்துக்கு ஐந்து ஆறு தையல் விழுந்தால் போதும். சின்னதாக இருப்பதைவிடச் சமமாக இருப்பதே அழகு. நூல் நுனியில் முடிச்சுப் போட்டு, மேல்துணி வழியாகக் குத்தி மெல்லச் சுண்டினால், முடிச்சு 'டப்' என்று உள்ளே போய் நடுத்துணியில் ஒளிந்துகொள்ளும்.

இந்த வேலையைச் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். 1942இல் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கப்பூரில் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், எத்தல் முல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்ணின் யோசனைப்படி அப்படித்தான் உட்கார்ந்து தைத்தார்கள். ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரம். சதுரத்தில் பெயரையும் தைத்தார்கள், வேறு முகாமில் இருந்த கணவன்மார் பார்த்தால் இவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரியட்டும் என்று. காயப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒவ்வொன்று. மூன்றாவது, காயப்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற வசனத்துக்கு ஊசியும் நூலும் கொண்டு எழுதிய விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எட்டாம் படி: ஓரம் அடிப்பது

மீந்த அடித்துணியையும் நடுத்துணியையும் மேல்துணி அளவுக்கு வெட்டுங்கள். 44 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டை நான்கு வெட்டி, ஒன்றாக மூட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். போர்வையின் மேல்பக்கத்து ஓரத்தில் வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் மடித்துக் கையால் முடியுங்கள்.

பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து, குழந்தையின் பெயர், ஞானஸ்நானத் தேதி, துணி கொடுத்த வீடுகளின் பெயர்கள், அவர்கள் பிறந்த தோட்டங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் நூலால் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு துண்டு வையுங்கள்.

முதல் துவைப்பு பச்சைத் தண்ணீரில், நிழலில் காயப் போடுங்கள். மீந்த துண்டுகளை பிஸ்கட் டின்னில் அச்சோடு சேர்த்து மூடி வையுங்கள். எங்கள் சபையில் செப்டம்பரில் இன்னொரு குழந்தை பிறக்கப் போகிறது.