ஈஸ்ட்டின் காற்றில்லா சுவாசம்: சுண்ணாம்புநீர் சோதனை
100 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவைத்து 37 டிகிரிக்கு ஆறவிடுங்கள். கொதித்தால்தான் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெளியேறும். 5 கிராம் குளுக்கோஸ், 2 கிராம் உலர் ஈஸ்ட் கலந்து, மேலே எண்ணெயை ஒரு படலமாக ஊற்றுங்கள். கார்க்கில் செருகிய குழாயின் மறுமுனை தெளிந்த சுண்ணாம்புநீருக்குள் இருக்கட்டும். குமிழ்கள் வர வர, ஈஸ்ட் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடால் சுண்ணாம்புநீர் பால்போல் வெளுக்கும்.

குமிழே இல்லையா? பெரும்பாலும் சூடு அதிகம். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். கார்க் ஓரம் கசிந்தால் வாசலின் தடவுங்கள். வெளுத்த நீர் நெடுநேரம் கழித்துத் தெளிந்தால் பதற வேண்டாம், கூடுதல் கார்பன் டை ஆக்சைடு அதைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, ஈஸ்ட் போடாத இன்னொரு குடுவையும் கட்டாயம் வேண்டும்; பலர் விடுவது இதைத்தான்.

இங்கே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்குக் கிடைப்பது 2 ஏடிபி (செல் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) மட்டுமே. மிச்ச ஆற்றலில் பெரும்பகுதி ஈஸ்ட் உண்டாக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலிலேயே தங்கிவிடும். ஆக்சிஜன் இருந்தால் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உதவியோடு நம் செல்கள் மொத்தம் 30 வரை கறந்துவிடும்.