கால்வாய் எட்சிங்: தண்ணீரை வெட்டாதீர்கள்

உலோகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் அச்சுப்படம்தான் எட்சிங். அதைக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நகரக் கால்வாய்ப் படங்களைத்தான். படத்தைப் பார்த்ததும் அவர்கள் சொல்வதைக் கேட்டால், அந்தக் காலத்தில் நாங்கள் உளறியதெல்லாம் அப்படியே திரும்பி வருகிறது. கண்ணாடியைத் தொடாதே, ஃபிளாஷ் போடாதே என்பதைக் கண்காட்சிக் கூடத்துக் காவலரே சொல்லிவிடுவார். அதை விடுவோம். அடிக்கடி நடக்கும் மற்றத் தவறுகள் இவை.

தண்ணீரை வெற்றிடம் என்று நினைப்பது

இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். தெரிந்த தம்பி ஒருவர் நல்ல கால்வாய் எட்சிங் ஒன்றை வாங்கி ஃபிரேம் போடக் கொடுத்தார். கடைக்காரர் கைவசம் இருந்த சட்டத்துக்கு ஏற்றபடி அடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதத்தை நறுக்கிவிட்டார். தகடு அழுந்திய தடமும் போச்சு, அதற்கு மேலிருந்த தண்ணீரும் போச்சு. "ஒண்ணுமே இல்லாத இடந்தானேக்கா?" என்றார் தம்பி. இனி அதை விற்கப்போனால் என்ன விலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் முகம் வாடியிருந்தது.

ஒன்றுமே இல்லாத இடமா? அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879இல் வெனிஸ் போனார். அவரை அனுப்பிய லண்டன் கலைக்கூடமான ஃபைன் ஆர்ட் சொசைட்டி கேட்டது 12 தகடுகள். அவரோ ஓராண்டுக்கு மேல் தங்கி ஏறக்குறைய 50 தகடுகளோடு திரும்பினார். அதில் 'வாசல்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மாளிகை முகப்பு, சன்னல் வேலைப்பாடு, நெருக்க நெருக்கமாகக் கோடு. நடுவே இருண்ட வாசல். படியில் ஒரு பெண் தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கிறாள். கீழே கால்வாய்க்கு மிகக் குறைந்த கோடுகளே. மீதி வேலையைச் செய்வது மைப்படலம். தகட்டை முழுக்கத் துடைக்காமல் மெல்லிய மையை விட்டுவைத்தார். எவ்வளவு விடுவது என்று ஒவ்வொரு பிரதிக்கும் கை முடிவெடுக்க வேண்டும். சும்மா விட்ட இடத்துக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

உள்ளங்கையால் அந்தத் தண்ணீரை மறைத்துப் பாருங்கள். முகப்பு தட்டையாகிவிடும், அந்தப் பெண் குனிவதற்கும் காரணம் இருக்காது. கோடுகளின் நெரிசலில் அலைந்த கண் இறங்கி இளைப்பாறுவது அங்கேதான்.

"விஸ்லரே ஓரத்தை வெட்டினாரே" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். வெட்டினார்தான். ஆனால் வெட்டியது தகட்டுக்கு வெளியே இருந்த வெறுங்காகிதத்தை. வண்ணத்துப்பூச்சி வடிவில் அவர் போடும் கையொப்பத்துக்கு மட்டும் சின்ன நாக்கு ஒன்றை விட்டுவைத்தார். படத்துக்குள் கத்தரி போகவில்லை.

சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிளார்க் கீ பக்கம் பாலத்தில் நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கடைவீட்டு வரிசையில் சன்னலும் தூணும் நெரியும், ஆறு ஒரே சாயலில் கிடக்கும். ஆற்றையும் அலை அலையாகக் கீறினால் கட்டடங்கள் காணாமல் போகும்.

கோடு அடர்த்திதான் திறமை என்பது

இல்லை. கோட்டின் கருமை அமிலத்தில் கிடந்த நேரத்தைப் பொறுத்தது. தூரத்துக் கோபுரத்தை அமிலம் மேலும் அரிக்காதபடி சீக்கிரமே வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். கிட்டத்துப் படகை இன்னும் கொஞ்சம் அரிக்க விடுவார்கள். தூரமும் கிட்டமும் அப்படித்தான் வருகின்றன.

இடம் வலம் சரிபார்ப்பது

தகட்டில் நேரே வரைந்தால் அச்சில் இடவலம் மாறும். விஸ்லர் அதைத் திருத்த மெனக்கெடவில்லை. வெனிஸ் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் போனில் படத்தைத் திருப்பிப் பார்த்து, "இப்போ சரியா இருக்கு" என்பவர்களைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவேன்.

போனில் பார்த்தே தீர்ப்புச் சொல்வது

வேண்டாம். மை காகிதத்தில் புடைத்து நிற்கும். நேரில் போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.