மேரி கிங் ஒழுங்கையில் இறங்குவோருக்கு

லண்டனில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர், கோடை விடுமுறையில் ஸ்கொட்லாந்துக்கும் அழைத்துச் செல்லப்படுவது இப்போது வழமையாகிவிட்டது. எடின்பரோவில் அவர்கள் தவறாமல் கேள்விப்படும் இடம், நிலத்துக்கு அடியில் கிடக்கும் ‘மேரி கிங்ஸ் குளோஸ்’ என்னும் பழைய ஒழுங்கை. பேய் உலாவுகிறது என்ற பேச்சினால்தான் அது பேர்பெற்றது. ஆனால் பேயை மட்டும் தேடி இறங்குபவர், கட்டிய காசுக்குப் பாதியைத்தான் பார்க்கிறார் என்பது என் கருத்து.

லண்டன் கிங்ஸ் குரொஸிலிருந்து நேரடி ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நாலரை மணித்தியாலத்தில் எடின்பரோ வேவர்லி நிலையத்தை அடையலாம். அங்கிருந்து சிறிது மேடேறினால் ஹை ஸ்றீட். சென்ற் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு எதிர்ப்புறத்தில் நுழைவாயில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதாலும், ஒவ்வொரு குழுவுக்கும் நேரம் குறித்திருப்பதாலும், நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கலைவிழாக்கள் நடக்கும் ஓகஸ்ட் மாதத்தில் வாசலில் போய்க் கேட்பது வீண்வேலை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை.

படிகள் செங்குத்தானவை, நிலம் மேடும் பள்ளமுமானது, வெளிச்சமும் குறைவு. ஆகவே முழங்கால் நோவுள்ளவர்கள் நன்றாக யோசித்தே இறங்கவேண்டும். சேலையும் செருப்புமாக வரும் அம்மாமார் அன்றைக்கு மட்டுமாவது சப்பாத்து அணிவது நல்லது. திருநீறு பூசிக்கொண்டு போவதை யாரும் தடுக்கப்போவதில்லை, எனினும் அங்கே அஞ்சவேண்டியது படிகளுக்குத்தான். ஒரு மணித்தியாலம் நீளும் சுற்றில் அக்காலத்து உடையணிந்த வழிகாட்டி ஸ்கொட்லாந்து உச்சரிப்பில் பேசுவார் என்பதால், வரலாற்றைச் சற்று அறிந்துகொண்டு போனால் கதை கைநழுவாது.

மேரி கிங் என்பவர் 1630களில் அங்கே வாழ்ந்து துணி வாணிபம் செய்த, பிள்ளைகளோடு தனித்துக் குடும்பத்தைத் தாங்கிய கைம்பெண். ஒரு பெண்ணின் பெயர் ஒழுங்கைக்கு நிலைத்தது அந்நாளில் அரிது. 1645 இல் கொள்ளைநோய் நகரத்தை வாட்டியபோது, நோயாளிகளை உயிரோடு வைத்துச் சுவரெழுப்பி ஒழுங்கையை மூடினார்கள் என்று சொல்லப்படும் கதை உண்மையல்ல. நோய்கண்ட பலர் நகருக்கு வெளியே குடிசைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. ஒழுங்கை புதைந்தது வேறு காரணத்தால். 1753 இல் மேலே வாணிப மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கியபோது, வீடுகளின் மேல்மாடிகளை இடித்துவிட்டுக் கீழ்மாடிகளை அத்திவாரமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதன் பின்னரும் ஆட்கள் முற்றாக வெளியேறிவிடவில்லை. மரம் அறுக்கும் வாள் செய்யும் செஸ்னி என்பவர் 1902 வரை அங்கேயே இருந்தார். நல்லூர் மந்திரிமனையின் சுரங்கப்பாதையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, மூடிய இடத்தைச் சுற்றிக் கதை எப்படி முளைக்கும் என்பது விளங்காததல்ல. அருகில் இருந்த நோர் லொக் என்னும் அழுக்கேரியின் சதுப்பு வாயுவே உருவங்களைக் காட்டியிருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு.

பேய்க்கதைகளுள் பலரும் காத்திருப்பது ஆனியின் அறைக்கு. 1992 இல் ஜப்பானிய ஆவியுணர்வாளர் ஒருவர், தன் பொம்மையைத் தொலைத்துவிட்டு அழும் ஆனி என்னும் சிறுமியொருத்தி அங்கே இருப்பதாகக் கூற, அன்றுமுதல் வருவோர் பொம்மைகளை வைக்கத் தொடங்கினார்கள். அங்கே நிற்கும்போது பொம்மைக் குவியலையே பார்த்துக்கொண்டிராமல் அறையின் அளவையும் கவனியுங்கள். அத்தனை சிறிய இடத்தில் ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, நோயும் கண்டிருக்கிறது. செஸ்னியின் வீட்டில் அவர் பயன்படுத்திய கழிப்பிடம் இன்னமும் இருக்கிறது. ஒழுங்கையின் சரிவில் நின்று அண்ணாந்து பார்த்தால், இருபுறச் சுவர்களுக்கும் இடையே கட்டிய கொடிகளில் துணிகள் தொங்கும்.

உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. ஆகவே கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கைகளைப் படிக்கட்டின் பிடிக்கு விடுங்கள். இருட்டும் நெரிசலும் ஒத்துவராதவர்கள் தொடங்கும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவைக்கவேண்டும். அன்றே லண்டன் திரும்புவதானால், சுற்று முடியும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விட்டுவையுங்கள். நோர் லொக் வற்றவைக்கப்பட்ட இடத்தில் அமைந்த பூங்கா நிலையத்தின் பக்கத்திலேயே இருப்பதால், களைத்த கால்களுக்கு அங்கே இருக்கையும் கிடைக்கும்.