போல்ட்டை இறுக்கும்போது உராய்வையும் பூச்சையும் கணக்கில் எடுப்பது எப்படி

குறித்த முறுக்கு வந்ததும் ஒலியெழுப்பும் டார்க் ரென்ச் ‘டிக்’ என்று ஒலித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். அந்த ஒலி நட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை செலவானது என்பதை மட்டுமே சொல்கிறது. தகடுகளைப் போல்ட் எவ்வளவு விசையோடு பற்றியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பில் உராய்வாகவும், 40 விழுக்காடு மரைகளுக்கு இடையே உராய்வாகவும் கரைந்துவிட, எஞ்சிய 10 விழுக்காடுதான் போல்ட்டை நீட்டி இறுக்குவிசையாக மாறுகிறது.

கணக்கு எளிது. முறுக்குவிசையை, மீட்டரில் போல்ட்டின் விட்டத்தையும், உராய்வைக் குறிக்கும் ‘கே’ என்னும் காரணியையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் இறுக்குவிசை கிடைக்கும். பூச்சில்லாத உலர்ந்த எஃகுக்கு ‘கே’ சுமார் 0.2, நல்ல மாலிப்டினம் கிரீஸ் தடவினால் 0.12 அளவுக்கு இறங்கும். துருப்பிடித்த மரையில் 0.3ஐத் தொடலாம். 8.8 என்னும் வலிமைத் தரத்து எம் 16 (16 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட் ஒன்றை 220 நியூட்டன் மீட்டரில் இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த நிலையில் சுமார் 69 கிலோநியூட்டன் கிடைக்கும். அது சரியான அளவு. துருவில் 46தான் கிடைக்கும், மூட்டு தளரும். கிரீஸ் தடவியதில் கணக்கு 115 என்கிறது. ஆனால் அந்தப் போல்ட் 100ஐத் தாண்டியவுடனேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும்.

சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ஒரு பணியிடத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். போல்ட் எளிதாக ஏறட்டும் என்ற நல்லெண்ணத்தில், உலர்ந்த மரைக்கு எழுதப்பட்ட அட்டவணையை வைத்துக்கொண்டே, அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் எல்லா மரைகளிலும் கிரீஸ் பூசியிருந்தார். கழற்றிய ஒரு போல்ட்டில் நட்டை விரலால் ஓட்டிப் பார்த்தேன். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு வந்த நட்டு, மரை நீண்டு இடைவெளி மாறியிருந்த இடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. அத்தகைய போல்ட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே ரென்ச்சில் எண்ணை வைப்பதற்கு முன், அந்த எண் எந்தப் பூச்சுக்கும் எந்த மசகுக்கும் உரியது என்பதைப் படித்து உறுதி செய்யுங்கள். மசகு தேவை என்றிருந்தால் மரைக்கு மட்டுமன்றி, திருப்பப்படும் நட்டின் அடிப்பரப்புக்கும் தடவ வேண்டும். பாதி உராய்வு அங்கேதான் இருக்கிறது. மூட்டின் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டில் மட்டும் மசகு படக்கூடாது.

உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, அதாவது ஹாட் டிப் கால்வனைஸ் செய்த போல்ட்டுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. துத்தநாகம் மென்மையானது, மசகில்லாமல் இறுக்கினால் அது இழுபட்டு, முறுக்கு முழுவதையும் உராய்வே தின்றுவிடும். இதற்காகத்தான் உயர்வலிமைக் கட்டுமான நட்டுகளுக்குச் சாயமிட்ட மெழுகு பூசி அனுப்புகிறார்கள். அதை அழுக்கென்று நினைத்துத் தின்னரில் கழுவுவது பெரும் தவறு. இங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. திறந்த பெட்டியில் நனைந்து மெழுகு போன நட்டு, மூடி வைத்திருந்த நட்டைப் போல் இறுகாது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் எஃகில் சிக்கல் வேறு. மரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒட்டிவிடும். அடித்தடித்து வேகமாகத் திருப்பும் இம்பாக்ட் கன் வேண்டாம். நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவி, மெதுவாகத் திருப்புங்கள். டெஃப்லான் பூச்சுள்ள நீல ஸ்டட் போல்ட்டுகளில் (தலையில்லாமல் மரையிட்ட தண்டுகள்) ‘கே’ மிகக் குறைவு. பூச்சு தயாரித்தவர் தரும் எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

இறுக்கும்போது 30, 60, 100 விழுக்காடு எனப் படிப்படியாகவும், எதிரெதிர் வரிசையிலும் செல்லுங்கள். கடைசி இழுப்பு ஒரே சீரான அசைவாக இருக்கட்டும். நின்றுபோன நட்டை மீண்டும் நகர்த்தக் கூடுதல் முறுக்கு வேண்டியிருப்பதால், பாதியில் நிறுத்தினால் ரென்ச் முன்கூட்டியே ஒலித்துவிடும்.

எவ்வளவு கவனித்தாலும் ரென்ச்சை மட்டும் நம்பினால் இறுக்குவிசை 25 விழுக்காடு வரை மேலும் கீழும் போகலாம். முக்கியமான மூட்டுகளில் நட்டைக் குறிப்பிட்ட கோணம் திருப்பும் முறையையோ, ஸ்டட்டின் நீட்சியை மைக்ரோமீட்டரால் அளக்கும் முறையையோ கேட்டு வாங்குங்கள். முறுக்கு அளவை எழுதும் அட்டையில், பயன்படுத்திய கிரீஸின் பெயரையும் பூச்சின் வகையையும் அதே வரியில் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதைப் பார்த்துத்தான் ரென்ச்சைத் திருப்புவார்.