மூடுபனிப் படமும் "சூப்பர் வியூ"வும்: பிள்ளைகள் கையில் கேமரா கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டை தறிக்கார வீட்டுப் பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், மேலே ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பிள்ளைகள். இவர்களை ஒன்றாக உட்காரவைத்து, போட்டோ வழியாக ஒருவர் வீட்டை இன்னொருவர் பார்க்கச் செய்யலாம் என்று யார் கூப்பிட்டாலும் நான் போய்விடுவேன், அவ்வளவு பிடித்த வேலை. ஆனால் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு, சேலத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிக் கூட்டிப்போய், "மலைவாழ் மக்களின் வாழ்க்கையைப் படம் எடுங்கள்" என்று இறக்கிவிடுவது. அவர்கள் ஏரியை எடுப்பார்கள், சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் முகத்தை எடுப்பார்கள், சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். மலையில் இருக்கிற பிள்ளை அன்றைக்கு ஒரு படமும் எடுத்திருக்காது, படத்தில் நின்றிருக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கேமரா இருக்க வேண்டும், அவரவர் வீட்டையும் தெருவையும் அவரவர்தான் எடுக்க வேண்டும், அப்புறம்தான் படங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுனான் மாகாணத்தில் இதைத்தான் செய்தார்கள், கிராமத்துப் பெண்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். அந்த முறைக்கு இன்று ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர்.

அடுத்தது, படம் எடுப்பதற்கு இரண்டு நாள் ஒதுக்கிவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது. எனக்கு இதுதான் பெரிய தவறு. ஒரு முறை மலைக்கிராமத்துப் பெண்பிள்ளை ஒருத்தி எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டினோம். விடிகாலை, மூடுபனி, பாதி மறைந்த ஒரு சிமெண்ட் களம், அதன் ஓரத்தில் சுருட்டி வைத்த தார்ப்பாய். கீழிருந்து வந்த பையன்கள் "சூப்பர் வியூ" என்றார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தோம். அவள் மெதுவாகச் சொன்னாள், "பனி இறங்குனா காபி காயாது. அன்னிக்கு அம்மா யார்கிட்டயும் பேசாது." அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் பேச்சு. மழைக்காலத்தில் தறியில் ஏற்றுகிற பாவு நூல் காயாமல் தறி நிற்கிற கதையை ஒரு பையன் சொன்னான். இரண்டு வீட்டுக்கும் ஈரம்தான் எதிரி என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். நாங்கள் எழுதி வைத்திருந்த எந்தக் கேள்வியும் அவர்களை அங்கே கொண்டுபோயிருக்காது.

நடத்துகிறவர்கள் ஊரைப் பற்றித் தெரியாமல் போவதும் உண்டு. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ். பெயரை மட்டும் கேட்டுவிட்டு "நீங்க கேரளாவா?" என்று டவுன் பிள்ளை கேட்கும், அங்கேயே ஒரு சங்கடம் வந்துவிடும். இதை நாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதே மாதிரி, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற தறிக்கார வீட்டுப் பையனிடம் படத்துக்குத் தலைப்பைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டில் சொல்கிற வார்த்தையையே தமிழ் எழுத்தில் எழுதட்டும், அர்த்தத்தை வாயால் சொல்லட்டும். தலைப்பை நாமே அழகாக மாற்றி எழுதுவது இன்னும் மோசம், அப்புறம் அது அந்தப் பிள்ளையின் படமே இல்லை.

அனுமதி விஷயத்தில் நான் செய்த தவறு இது. எஸ்டேட் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டோம், சரி என்றார்கள், போதும் என்று நினைத்துவிட்டேன். கண்காட்சியில் தன் படத்தைப் பார்த்த ஒரு அக்கா, "இந்தக் கிழிஞ்ச புடவையிலயா என்னை மாட்டி வெச்சிருக்கீங்க" என்று கேட்டார். உடனே கழற்றினோம், ஆனாலும் அவர் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. படத்தில் இருப்பவரிடம் இரண்டு தடவை கேளுங்கள். எடுக்கும்போது ஒன்று, மாட்டுவதற்கு முன் பிரிண்டைக் காட்டி ஒன்று.

பிள்ளைகள் போனில் எடுக்கிறார்கள் என்றால் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீடு இருக்கும் இடமே படத்துக்குள் பதிந்து போகும். காப்பகத்தில் வளரும் பிள்ளைகள் என்றால் முகம், பெயர் எதுவும் வெளியே வரக்கூடாது, சிறார் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

கண்காட்சி முடிந்ததும் படங்களைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். மலைக்கு அனுப்புவதை மட்டும் லேமினேட் செய்து அனுப்புங்கள், அந்த ஈரத்தில் வெறும் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.